ஓரியின் அம்பும் அன்னாசி ஈயும்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் கற்ற எவர்க்கும் நினைவில் எழுபவன் வல்வில் ஓரி. அவனுடைய வேட்டைத் திறத்தை வன்பரணர் என்னும் புலவர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஓரி விடுத்த அம்பு முதலில் ஒரு யானையை வீழ்த்தியது. பின்னர் ஒரு புலியைக் கொன்றது. ஒரு மானை உருட்டியது. ஒரு காட்டுப் பன்றியைச் சாய்த்தது. இறுதியில் புற்றில் கிடந்த உடும்பின் உடலிலே தைத்து நின்றது. ஓர் அம்பு, ஐந்து உயிர்கள். வகுப்பில் ஆசிரியர் இதைச் சொன்னபோது, "இப்படியும் நடக்குமா, ஐயா?" என்று எழுந்து கேட்ட மாணவர்களுள் நானும் ஒருவன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "ஓரியின் கையில் வில் இருந்தால் நடக்கும்" என்று கூறி உட்கார வைத்துவிட்டார்.

மாணவ நேயர்களே, அதே போன்ற ஓர் அம்பைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இந்த அம்பை எய்தவர் எவரும் இலர். ஓர் உயிரினத்தின் உடலிலிருந்து வேறோர் உயிரினத்தின் உடலுக்குள் இது பாய்கிறது, அங்கே தங்கிவிடுகிறது, அவ்வுயிரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வழிவழியாகச் செல்கிறது. இதனைக் காண நாம் காட்டுக்குள் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. கொல்லிமலைக் கடைத்தெருவில் ஒரு பழக்கூடையின் அருகே நின்றால் போதும்.

சென்ற ஆண்டு ஆடித் திங்களில், ஓரி விழாவை ஒட்டி நான் கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலேறியதும் குளிர்காற்று முகத்தில் பட்டது. செம்மேட்டுக் கடைத்தெருவில் மூதாட்டி ஒருவர் அன்னாசிப் பழத்தைச் சீவி, மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவி விற்றுக்கொண்டிருந்தார். சீவிய தோல் கிடந்த கூடையின்மேல் சின்னஞ்சிறு ஈக்கள் புகைபோல் எழுவதும் அமர்வதுமாக இருந்தன. நான் அவற்றையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது அந்த அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. "ஈயைப் பார்க்காதீங்க, சாமி, பழத்தைப் பாருங்க" என்றார். பழத்தையும் வாங்கிக்கொண்டேன், ஈயையும் பார்த்தேன். ஒரு பழைய குற்றத்தின் நினைவு நெஞ்சிலே வந்து தைத்தது. அக்குற்றம் என்ன என்பதை இறுதியில் கூறுகிறேன்.

அழுகும் பழத்தின்மேல் மொய்க்கும் இச்சிற்றீக்களை விலங்கியலார் டிரோசோபிலா என்னும் பேரினத்தில் அடக்குவர். அவற்றுள் தென்னாட்டில் மிகுதியாகக் காணப்படும் ஓர் இனத்தின் பெயர் டிரோசோபிலா அனனாசே. இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த அம்போன் தீவில் கிடைத்த ஈக்களைக் கொண்டு டோலெஷால் என்பவர் 1858-ஆம் ஆண்டில் இவ்வினத்தை விவரித்தார். பெயரிலேயே அன்னாசி இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அந்த அன்னாசியும் நம் நாட்டுப் பழம் அன்று. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துகீசியரின் கப்பல்களில் ஏறி, 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பழம் அது. பெயரும் அவர்களுடைய வாய்மொழி வழியாகவே நமக்கு வந்தது. இன்றோ கொல்லிமலை அன்னாசி என்று ஊர்ப்பெயரோடு சேர்த்தே அதனை அழைக்கிறோம். வந்த பழம் மண்ணின் பழமாகிவிட்டது. பழத்தைப் போலவே, அதன்மேல் மொய்க்கும் ஈயின் உடலுக்குள்ளும் வெளியிலிருந்து வந்து குடியேறியவை உண்டு. அவற்றின் வரலாறே நம் பொருள்.

ஒவ்வோர் உயிரின் உயிரணுவிலும் அவ்வுயிரின் உடலமைப்பைக் குறிக்கும் செய்திகள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் பொதிந்துள்ளன. அந்த இழை நான்கே நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு நூல் என்று கொள்ளலாம். நூல் முழுவதையும் மரபணுத் தொகுதி என்கிறோம். பழ ஈக்களுள் ஆய்வாளர்க்கு மிகவும் பழக்கமான டிரோசோபிலா மெலனோகாஸ்டர் என்னும் இனத்தின் நூலில் ஏறத்தாழ 18 கோடி எழுத்துகள் உள்ளன.

இனி நம் ஏட்டுச் சுவடிகளை எண்ணிப் பாருங்கள். ஏடு பெயர்த்து எழுதுவோர் சிலர், மூல ஆசிரியர் பாடாத பாடல்களை இடையிடையே நுழைத்துவிட்டனர். இவற்றை இடைச்செருகல் என்கிறோம். இத்தகைய இடைச்செருகல்கள் உயிர்களின் மரபுநூலிலும் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு. சுவடியில் செருகப்பட்ட பாடல் தானாக நகராது. மரபுநூலில் செருகப்பட்ட பகுதியோ ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குத் தாவும். சில வேளைகளில் தன்னையே படியெடுத்துப் பத்துப் பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும். இவற்றைத் தாவும் கூறுகள் என்று அழைப்போம். மெலனோகாஸ்டர் ஈயின் நூலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இத்தகைய கூறுகளே. வெட்டுக்கிளியின் நூல் 2014-ஆம் ஆண்டில் படித்து வெளியிடப்பட்டபோது அதில் 650 கோடி எழுத்துகள் இருக்கக் கண்டனர். அது மனிதனுடைய நூலைப் போல் இரு மடங்கு. அந்தப் பெருக்கத்துக்குத் தாவும் கூறுகளே பெருங்காரணம். மனிதனும் இதற்கு விலக்கல்லன். நம் நூலிலும் ஏறக்குறையப் பாதி இவற்றின் எச்சங்களே.

இவை இருப்பதை முதலில் கண்டறிந்தவர் பூச்சியை ஆராய்ந்தவர் அல்லர். அமெரிக்காவில் மக்காச்சோளத்தை ஆராய்ந்துவந்த பார்பரா மெக்ளின்டாக் என்னும் அம்மையார், ஒரே கதிரில் மணிக்கு மணி நிறம் மாறுவது ஏன் என்று ஆராய்ந்து, மரபுக்கூறுகள் சில இடம்விட்டு இடம் தாவுகின்றன என்னும் முடிவுக்கு 1940-களில் வந்தார். 1950-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். மறு ஆண்டு அறிஞர் கூட்டத்தில் விளக்கினார். கேட்டவர்களுள் பெரும்பாலோர் அதன் பெருமையை உணரவில்லை. மணிமாலையில் கோத்த மணிகள் தத்தம் இடத்தில் அசையாது இருப்பதைப் போலவே மரபணுக்களும் இருக்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. மாலையிலுள்ள மணி எழுந்து வேறிடத்தில் போய்க் கோத்துக்கொள்ளும் என்றால் யார்தான் எளிதில் ஏற்பர்? 1983-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தபோது அவருக்கு வயது 81.

வேடிக்கை என்னவென்றால், அவர் கண்டதற்குரிய சான்று பூச்சி ஆய்வாளரின் கண்முன்னே 1910 முதல் இருந்தது. அவ்வாண்டில் நியூயார்க் நகரத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் தம் புட்டிகளில் செங்கண் ஈக்களுக்கிடையே வெண்கண் ஈ ஒன்றைக் கண்டார். குரோமோசோம்களில்தான் மரபணுக்கள் உள்ளன என்னும் பேருண்மைக்கு அந்த ஈ வழிகாட்டியது. ஏன் அதன் கண் வெளுத்தது என்பதற்கு விடை 1980-களில்தான் கிடைத்தது: கண்ணின் நிறத்துக்கு உரிய மரபணுவில் ஒரு தாவும் கூறு வந்து விழுந்திருந்தது. ஆக, பூச்சி மரபியலின் முதற்பாடமே ஒரு இடைச்செருகலால் எழுதப்பட்ட பாடம்!

இனி, புதிர் ஒன்றைக் கூறுகிறேன். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் ஈ வகைகள் பல, 1920-களிலும் 1930-களிலும் காட்டிலும் தோட்டத்திலும் பிடிக்கப்பட்டவற்றின் வழிவந்தவை. அன்று தொட்டு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுப் புட்டிக்கு மாற்றி, உணவிட்டு, அவற்றை யாரேனும் ஒருவர் காத்து வருகிறார். 1970-களில் சில ஆய்வாளர், இத்தகைய பழைய குலத்துப் பெண் ஈயோடு, அப்போது புதிதாகப் பிடித்த ஆண் ஈயைக் கூட்டினர். பிறந்த குஞ்சுகளில் பல மலடாயின, குரோமோசோம்கள் முறிந்திருந்தன, விந்தையான மாறுதல்கள் தோன்றின. ஆனால் பெண் புதியதாகவும் ஆண் பழைய குலத்ததாகவும் இருந்தால் தீங்கு ஒன்றும் இல்லை! இரண்டும் ஒரே இனம், ஒரே தோற்றம். பின் இந்தப் பகை எங்கிருந்து வந்தது? 1977-ஆம் ஆண்டில் மார்கரெட் கிட்வெல் அம்மையாரும் அவர்தம் துணைவர்களும் இந்நிகழ்ச்சியைத் தெளிவாக வரையறுத்தனர். 1982-இல் காரணம் வெளிப்பட்டது. புதிய ஈக்களின் உடலில் ஒரு தாவும் கூறு இருந்தது. பழைய குலங்களில் அது அறவே இல்லை. 2,907 எழுத்துகள் கொண்ட அச்சிறு துணுக்குக்கு 'பி' கூறு என்று பெயரிட்டனர்.

அடுத்த வினா வரலாற்று வினா. பழைய குலங்களில் 'பி' இல்லாதது ஏன்? இரண்டு கட்சிகள் எழுந்தன. தொன்றுதொட்டு எல்லா ஈக்களிலும் அது இருந்தது, புட்டிக்குள் நெடுநாள் அடைபட்ட குலங்கள் அதனை இழந்துவிட்டன என்றது ஒரு கட்சி. தொடக்கத்தில் எந்த ஈயிலும் அது இல்லை, அண்மைக்காலத்தில்தான் வெளியிலிருந்து வந்து உலகமெங்கும் பரவியது என்றது கிட்வெல் அம்மையாரின் கட்சி. எது மெய்?

இங்கே உ. வே. சாமிநாதையர் நினைவுக்கு வருகிறார். 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றைப் பதிப்பித்த அப்பெரியார், ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு பாடல் பழைய ஏடுகளில் இல்லாமல் புதிய ஏடுகளில் மட்டும் இருந்தால் அது இடையில் நுழைந்தது என்று கருத இடமுண்டு. ஈ ஆய்வாளரும் அதே நெறியைக் கைக்கொண்டனர். உலகின் பல பகுதிகளிலிருந்து பல பத்தாண்டுகளாகச் சேர்க்கப்பட்ட ஈக்குலங்களை, அவை பிடிக்கப்பட்ட ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தனர். 1950-களுக்கு முன் பிடித்தவற்றில் 'பி' இல்லை. பின்னர் முதலில் அமெரிக்காவிலும், அதன்பின் பிற கண்டங்களிலும் அது தலைகாட்டியது. 1970-களின் இறுதியில் புதிதாகப் பிடிக்கப்பட்ட ஈக்களில் ஏறக்குறைய எங்கும் அது இருந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் உலகம் முழுவதையும் அது வென்றுவிட்டது.

வந்தது எங்கிருந்து? அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் வாழும் டிரோசோபிலா வில்லிஸ்டோனி என்னும் வேறொரு ஈ இனத்தில் இதே கூறு இருப்பதை 1990-ஆம் ஆண்டில் கண்டு வெளியிட்டனர். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஓர் எழுத்து! இவ்விரு இனங்களும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே குலம் பிரிந்தவை. அவற்றின் ஏனைய மரபணுக்கள் வெகுவாக மாறியிருக்க, இந்த ஒரு பகுதி மட்டும் மாறாதிருப்பது எப்படி? தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்ததாக இருக்க முடியாது; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அண்மையில் பாய்ந்ததாகவே இருக்க வேண்டும். மெலனோகாஸ்டர் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஈ. மனிதனுடைய கப்பல்களிலும் பழமூட்டைகளிலும் ஏறி அது அமெரிக்கா சென்று, வில்லிஸ்டோனி வாழும் நிலத்தை அடைந்தது. அங்கே அம்பு பாய்ந்தது. ஈக்களின் மேல் ஒட்டி அவற்றின் முட்டைகளைக் குத்திக் குடிக்கும் ஒருவகை உண்ணி அதனைச் சுமந்திருக்கக் கூடும் என்று 1991-ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அன்னாசி அமெரிக்காவிலிருந்து நமக்கு வந்த கதைக்கும், இந்தக் கூறு உலகெங்கும் பரந்த கதைக்கும் அடிப்படை ஒன்றே: மனிதன் பெட்டியைத் தூக்கிச் செல்கிறான், பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் அவன் அறியான்.

'பி' மட்டும்தான் இவ்வாறு செய்ததா என்று கேட்பீர்கள். இல்லை. 'மாரினர்' என்னும் வேறொரு தாவும் கூறு 1986-ஆம் ஆண்டில் மொரீஷியஸ் தீவின் ஈ ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டது. மாரினர் என்றால் கடலோடி. பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ஹியூ ராபர்ட்சன் என்பவர் 1993-இல் அதனைப் பல பூச்சிகளில் தேடியபோது எதிர்பாராத இடங்களிலெல்லாம் அது அகப்பட்டது. கால்நடைகளின் குருதியைக் குடிக்கும் ஈ, ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் கொசு, செடிப்பேன்களைத் தின்று உழவனுக்கு உதவும் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஆகிய மூன்றிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் அது இருப்பதை 1995-இல் அவர் எடுத்துக்காட்டினார். 2003-ஆம் ஆண்டில் அதே கூறின் மற்றொரு கிளை, தேனீயிலும் வண்டிலும் பழ ஈயிலும் வாலில் இடுக்கியுடைய பூச்சியிலும் பாய்ந்திருப்பது தெரியவந்தது. இவை நான்கும் பூச்சியுலகில் நான்கு வேறு வரிசைகளைச் சேர்ந்தவை. யானைக்கும் உடும்புக்கும் உள்ள தொலைவு இவற்றுக்கிடையே உண்டு. வன்பரணர் பாடிய அம்பின் போக்கை நான் மறுபடியும் நம்பத் தொடங்கியது இதைப் படித்த நாளில்தான்.

இனி, வைரஸ் பற்றிய பகுதிக்கு வருவோம். தாவும் கூறுகள் இரு பெரும் வகையின. தம்மை வெட்டி எடுத்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்வன ஒரு வகை. 'பி'யும் மாரினரும் இவ்வகை. தம்மை ஆர்.என்.ஏ.யாகப் படியெடுத்து, அதனை மீண்டும் டி.என்.ஏ.யாக மாற்றி, புதிய இடத்தில் நுழைப்பன மற்றொரு வகை. இவ்வாறு பின்னோக்கிப் படியெடுக்கும் நொதியை 1970-ஆம் ஆண்டில் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் சில வைரஸ்களில் கண்டறிந்தனர். பூச்சிகளின் தாவும் கூறுகளைப் படித்துப் பார்த்தபோது அவற்றிலும் அதே நொதிக்கான செய்தி இருந்தது. இரு முனைகளும் அந்த வைரஸ்களைப் போலவே அமைந்திருந்தன. நம் அன்னாசி ஈயிலும் அத்தகைய ஒன்று உண்டு. அனனாசே இனத்தின் ஒரு குலத்தில் கண்களின் வடிவம் அடிக்கடி மாறிப் பிறப்பதைக் கண்டு காரணம் தேடியவர்கள், 1980-களில் 'டாம்' என்னும் கூறினைப் பிடித்தனர். வைரஸின் சாயல் அதில் தெளிவாக இருப்பதை 1988-இல் எழுதிவைத்தனர்.

அப்படியானால் தாவும் கூறு, வைரஸ் ஆகிய இரண்டில் எது முந்தியது? 'ஜிப்சி' என்னும் கூறு இவ்வினாவுக்கு ஓரளவு விடை அளித்தது. வைரஸ் ஓர் உயிரணுவிலிருந்து வெளியேறி மற்றோர் உயிரணுவுக்குள் புகுவதற்கு உறை ஒன்று வேண்டும். அவ்வுறைக்கான மரபணு ஜிப்சியிடம் இருந்தது. 1994-ஆம் ஆண்டில், ஜிப்சி மிகுந்த ஈக்களின் சாற்றை, ஜிப்சி இல்லாத ஈக்களின் புழுக்களுக்கு உணவோடு கலந்து ஊட்டினர். அப்புழுக்களின் வழித்தோன்றல்களில் ஜிப்சி குடியேறிவிட்டது. தொற்றும் ஆற்றல் உறுதியாயிற்று. அந்த உறை அதற்கு எங்கிருந்து கிடைத்தது? பட்டுப்புழு உடல் வீங்கி, பால் போன்ற நீர் கசிந்து மடியும் நோயைப் பட்டு வளர்க்கும் குடும்பத்தார் அறிவர். அந்நோயை உண்டாக்கும் பாக்குலோ வைரஸ் கூட்டத்தின் உறை மரபணுவோடு ஜிப்சியின் உறை மரபணு உறவுடையது என்று 2000-ஆம் ஆண்டில் காட்டினர். தாவும் கூறு ஒன்று, வைரஸிடமிருந்து மேலாடையைப் பெற்று உடுத்துக்கொண்டு, தானும் வைரஸாகிவிட்டது. இதற்கு எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. முட்டைக்கோசைத் தின்னும் புழுவின் அந்துப்பூச்சியிலிருந்து பெற்ற உயிரணுக்களில் பாக்குலோ வைரஸை வளர்த்தபோது, அந்துப்பூச்சியின் தாவும் கூறு ஒன்று வைரஸின்மேல் ஏறிக்கொண்டதை 1980-களின் தொடக்கத்தில் கண்டனர். 'பிக்கிபேக்' என்று பின்னர் பெயர் பெற்ற கூறு இதுவே. ஆகவே, அம்பு ஓர் உயிரினத்திலிருந்து மற்றோர் உயிரினத்துக்குச் செல்லக்கூடிய வாகனங்களுள் ஒன்று வைரஸ் என்பது புலனாகிறது.

இவ்வளவு வந்தேறிகள் புகுந்தும் பூச்சிகள் அழியாமல் வாழ்வது எப்படி? அவற்றிடம் காவல் உண்டு. ஜிப்சியை அடக்கும் 'பிளமென்கோ' என்னும் ஓர் இடம் ஈயின் குரோமோசோமில் இருக்கிறது. அது என்ன என்று நெடுநாள் விளங்கவில்லை. 2007-ஆம் ஆண்டில் விளங்கியது. அங்கே இருப்பவை பழைய வந்தேறிகளின் உடைந்த துண்டுகள். காவல் நிலையத்தில் பழைய குற்றவாளிகளின் படங்களை வரிசையாக மாட்டி வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதுபோல, முன்பு நுழைந்தவற்றின் அடையாளத் துண்டுகளை ஈ சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றிலிருந்து சிறு சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகள் தோன்றி, அதே அடையாளமுடைய கூறு தலைதூக்கும்போது அதனை ஒடுக்குகின்றன. தாய் ஈ இத்துணுக்குகளை முட்டைக்குள் வைத்துச் சீதனமாக அனுப்புகிறாள் என்று 2008-இல் தெளிவாயிற்று. முன்பு கூறிய புதிர் இதனால் அவிழ்ந்தது. புதிய குலத்துத் தாய் 'பி'யையும் கொடுக்கிறாள். அதனை அடக்கும் காவலையும் கொடுக்கிறாள். புதிய குலத்துத் தந்தையோ 'பி'யை மட்டும் கொடுக்கிறான். பழைய குலத்துத் தாயின் முட்டையில் காவல் இல்லை. எனவே குஞ்சுகள் கெடுகின்றன.

மனிதன் இந்த அம்பைத் தன் வில்லிலும் தொடுத்துப் பார்த்தான். 1982-ஆம் ஆண்டில் ஜெரால்ட் ரூபினும் ஆலன் ஸ்ப்ராட்லிங்கும் 'பி' கூறில் நல்ல மரபணு ஒன்றை ஏற்றி அனுப்பி, குறையுடைய ஈக்களின் வழித்தோன்றல்களுக்கு இயல்பான கண்ணிறத்தை மீட்டுக் கொடுத்தனர். இதனால் நமக்கென்ன பயன் என்று கேட்போர்க்குக் கொல்லிமலையே விடை சொல்லும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் இம்மலையில் இரவு தங்கத் தயங்கிய காலம் உண்டு. அக்காய்ச்சலின் காரணத்தைத் தேடிய ரொனால்ட் ராஸ், 1897-ஆம் ஆண்டில் உதகைக்கு அருகிலுள்ள சீகூர் மலைவழியில் தாமே மலேரியாவுக்கு ஆளானார். அவ்வாண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அக்கிருமியைக் கண்டார். சென்னை போன்ற நகரங்களில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசுவுக்குள் 2000-ஆம் ஆண்டில் ஒரு தாவும் கூறின் வழியாகப் புதிய மரபணுவைச் செலுத்தினர். 2002-இல் பிக்கிபேக் வழியாக மற்றொரு மரபணுவைச் செலுத்தியபோது, எலிகளைத் தாக்கும் மலேரியாக் கிருமியைக் கடத்தும் ஆற்றல் அக்கொசுவுக்குப் பெரிதும் குறைந்தது. இவை ஆய்வுக்கூடத்துக்குள் பெற்ற வெற்றிகள். ஒருமுறை வெளியில் விட்ட அம்பை மீட்பது அரிதாகையால், இத்துறையில் விரைவைவிட எச்சரிக்கையே பெரிதும் வேண்டப்படும்.

இனி வரலாற்றின் சிகரத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் ஊசியில் குத்தி வைக்கப்பட்ட மெலனோகாஸ்டர் ஈக்கள் சில இருந்தன. அவற்றுள் மிகப் பழையவை 1800-களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டில் பிடிக்கப்பட்டவை. பிந்தியவை 1933-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. உலர்ந்துபோன அந்த உடல்களிலிருந்து மரபுநூலைப் படித்து 2023-இல் வெளியிட்டனர். 2024-ஆம் ஆண்டில் வேறு சிலர் அந்நூல்களில் இடைச்செருகல்களைத் தேடினர். இன்று உலகெங்கும் மெலனோகாஸ்டரில் காணப்படும் மூன்று தாவும் கூறுகள் மிகப் பழைய ஈக்களில் இல்லை; 1933-ஆம் ஆண்டு ஈக்களில் உண்டு. 20-ஆம் நூற்றாண்டில் 'பி'யோடு சேர்ந்து நான்கு நுழைந்திருந்தன. இன்னும் ஒன்று 1983-க்கும் 1993-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் நுழைந்து பரவியது. அதுவும் வில்லிஸ்டோனியின் உறவினத்திலிருந்து வந்ததே. 'பி' கூறோ அங்கு நிற்காமல், சிமுலான்ஸ் என்னும் உறவினத்துக்கும் பாய்ந்து பரவிக்கொண்டிருப்பதை 2015-இல் எழுதினர். அம்பு இன்னும் பறந்துகொண்டே இருக்கிறது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஈயைக் குத்தி வைத்தவருக்கு மரபணு என்ற சொல்லே தெரியாது. ஆனாலும் அவர் பிடித்தார், குத்தினார், காத்தார். அதன் பயனை நாம் இன்று பெறுகிறோம். கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் அவற்றில் இருப்பதால்தான் அவை வரலாறாயின. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், அடுத்த விதைப்புக்கென்று சாமையும் கேழ்வரகும் தனியே எடுத்து வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். அதனால்தான் அவர்களுடைய பழைய தானிய வகைகள் சில இன்றும் உயிரோடு இருக்கின்றன. காப்பவன் இல்லாவிட்டால் கல்வெட்டும் இல்லை, விதையும் இல்லை, ஈயும் இல்லை.

இப்போது என் குற்றத்தைக் கூறுகிறேன். 1985-ஆம் ஆண்டில், கொல்லிமலை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், விலங்கியல் மாணவனாக நான் அங்கே சென்றேன். வாழைப்பழத்தை மசித்துப் புட்டிகளில் இட்டு மரநிழலில் தொங்கவிட்டோம். மாலைக்குள் நூற்றுக்கணக்கான ஈக்கள் சேர்ந்தன. அவற்றைச் சாராயத்தில் இட்டு மூடி எடுத்துவந்தேன். "பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டு" என்று ஆசிரியர் இரண்டு முறை சொன்னார். "நாளைக்கு எழுதுகிறேன், ஐயா" என்றேன். அந்த நாளை வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து அலமாரியைத் துப்புரவு செய்தபோது, ஊரும் நாளும் எழுதாத அந்தப் புட்டி எனக்கே அடையாளம் தெரியவில்லை. என் கையாலேயே அதனைச் சாக்கடையில் கவிழ்த்தேன். மேலே நான் கூறிய அந்தப் பத்தாண்டு எது என்பதை நினைவுகூருங்கள். ஒரு புதிய கூறு உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த நாட்களில், கொல்லிமலை ஈக்களின் உடலில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. ஒரு துண்டுக் காகிதமும் மூன்று வரி எழுத்தும் இல்லாமையால் அந்தச் சாட்சியை இழந்தேன்.

செம்மேட்டில் அந்த மூதாட்டியின் கூடையருகே நின்றபோது என் நெஞ்சில் தைத்தது இந்த நினைவுதான். மாணவ நேயர்களே, உங்களுள் ஒருவர் நாளை ஓர் ஈயையோ கொசுவையோ வண்டையோ ஆய்வுக்காகப் பிடிக்கலாம். அது அரியதா எளியதா என்று எண்ண வேண்டா; அதன் மதிப்பை உங்கள் பேரர்கள் காலத்து அறிவு முடிவு செய்யும். நீங்கள் செய்ய வேண்டுவது ஒன்றே. எந்த இடம், எந்த நாள், பிடித்தவர் யார் என்னும் மூன்றையும் அன்றைக்கே, அழியாத மையால் எழுதி உள்ளே இடுங்கள். ஓரியின் அம்பு போன வழியை ஒரு புலவர் பாடி வைத்ததால்தான் நாம் அறிந்தோம். இந்த அம்பு போகும் வழியை அறிவதற்கு நீங்கள் எழுதும் சிறு சீட்டு உதவும்.